சாய்வுப் பட்டியலும் மண் கைகளும்

போன வாரம் என் பழைய ஆபீசிலிருந்து இரண்டு குமாஸ்தாக்கள் வீடு தேடி வந்தார்கள். ஓய்வு பெற்றவனைத் தேடி ஆபீஸ்காரன் வருகிறான் என்றால் ஏதோ கோப்பு காணாமல் போயிருக்கிறது என்று அர்த்தம். காப்பி குடிக்கும் வரை என் உடம்பைப் பற்றி விசாரித்தார்கள். டம்ளரைக் கீழே வைத்ததும் விஷயத்துக்கு வந்தார்கள்.

"ஐயா, இனிமே எல்லாருக்கும் ஓட்டு வரப்போகுது. எந்த ஊரு எந்தப் பக்கம் சாயும்னு மேலேருந்து கேக்குறாங்க. அந்தக் காலத்துல சாய்வுப் பட்டியல் எழுதுறதுல நீங்கதேன் கில்லாடின்னு ரிக்கார்டு ரூம்ல சொன்னாங்க. அதுக்கு என்ன முறை வெச்சிருந்தீங்க?"

கில்லாடி! இருபத்தைந்து வருஷ உத்தியோகத்தில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. சொன்னவர் ரிக்கார்டு ரூமில் இருக்கிறார், அதாவது பட்டியலைப் படிக்காமல் அடுக்கி வைக்கிறவர்.

இன்னொருவர் பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்தார். சென்னையில் இருக்கும் ஒரு படித்த மனிதர் எங்கள் ஜில்லாவைப் படமாக வரைந்து, மேற்குப் பக்கத்துக்கு மட்டும் கோடு கோடாகப் போட்டு நிழல் கட்டியிருந்தார். மழை குறைந்த பூமியில் விசுவாசம் ஆழமாக வேர் விடுமாம். அதனால் எழுமலைப் பக்கத்து ஜனங்கள் பரம்பரையாகப் பெரிய மனிதர்களுக்கே ஓட்டுப் போடுவார்களாம். அந்த மனிதர் எழுமலையை ரயிலில் தாண்டியிருந்தால்கூட நான் பாதி நம்பியிருப்பேன். எழுமலைக்கு ரயிலே கிடையாது.

படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. அவர் ஆதாரம் காட்டியிருந்த "பழைய அரசாங்கக் குறிப்புகள்" என்பது வேறு யாரும் இல்லை, நான்தான். என் கையால் எழுதிய பொய் பட்டணம் வரை போய், சட்டை மாட்டிக்கொண்டு, ஆராய்ச்சியாகத் திரும்பி வந்திருக்கிறது. ஆகவே முறையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆபீசில் நுழைந்தது இருபதுகளில். நான்கு வருஷம் நகல் எடுத்தேன். இரண்டு வருஷம் நகல் எடுக்கிறவனை முறைத்துப் பார்த்தேன். என் பயிற்சிக் காலம் அத்துடன் முடிந்தது. கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. காகிதம் மேஜையில் கிடந்தால் அது பிரச்சினை, அடுத்த மேஜைக்குப் போய்விட்டால் அது நிர்வாகம்.

தேர்தல் என்ற சமாசாரத்தை முதலில் பார்த்தது ஒரு ஜில்லா போர்டு எலெக்ஷனில். அப்போது பெட்டிக்கு நிறம் எல்லாம் கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாதவர் வந்தால், வேண்டிய பெயரை என் காதில் சொல்ல வேண்டும், அவருக்காக நான் சீட்டில் குறி போட வேண்டும். இதற்கு ரகசிய ஓட்டு என்று பெயர். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ரகசியம் என்றால், கம்மாயின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கேட்கிற மாதிரி சொல்வது. சாயங்காலத்துக்குள் என் வலது காது வெற்றிலைச் சாற்றில் சிவந்துவிட்டது. வாசலில் நின்ற வேட்பாளரின் ஆட்கள் ஒவ்வொரு ரகசியத்துக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

பரவைச் சந்தைக்கு மாடு ஓட்டுகிற ஒருவர் வந்தார்.

"யாருக்குப் போடணும்? பேரைச் சொல்லும்."

"அவுகளுக்கே போடுங்க."

"எவுகளுக்கு?"

"என்ன சாமி, தெரியாத மாதிரி கேக்குறீக? வண்டி அனுப்பிச்சாகள்ல, அவுகளுக்குத்தேன்."

"ரெண்டு பேருமே வண்டி அனுப்பியிருக்காங்களே, ஐயா."

அவர் மோவாயைச் சொறிந்து யோசித்தார். "அப்ப, எந்த வண்டியில மாடு நல்லாருக்கோ, அவுகளுக்குப் போடுங்க."

நான் எழுந்து வாசலுக்குப் போய் இரண்டு ஜோடி மாடுகளையும் பார்த்துவிட்டு வந்து குறி போட்டேன். என் உத்தியோக காலத்தில் நேரில் விசாரித்து எழுதிய முடிவு அது ஒன்றுதான். மழை குறைந்த பூமியின் விசுவாசத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த மாடுகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அடுத்த தேர்தல் பெரிய தேர்தல், மாகாணத்துச் சட்டசபைக்கு. அதற்கு முன்னால்தான் "சாய்வுப் பட்டியல்" என்ற கோப்பு பிறந்தது. எந்தக் கிராமம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஊருக்கு ஒரு வரி எழுதி மேலே அனுப்ப வேண்டும், அந்தரங்கம். எங்கள் ஆபீசில் அந்தரங்கக் கோப்புக்குச் சிவப்பு நாடா. சிவப்பு நாடாவைக் கண்டால் காப்பி கிளப் பையன் வரைக்கும் அது எந்தக் கோப்பு என்று தெரியும்.

என் முறை இதுதான். காலையில் காப்பி கிளப்பில் உட்காருவேன். வரி கட்ட வருகிற ஊர்க் கணக்குப்பிள்ளைகளை, அதாவது கர்ணங்களைக் கூப்பிட்டு, "உங்க ஊரு எப்படி?" என்பேன். கர்ணம் என் முகத்தைப் பார்த்து, எனக்கு எது பிடிக்கும் என்று கண்டுபிடித்து, அதைச் சொல்வார். நான் தாசில்தாருக்கு எது பிடிக்கும் என்று கண்டுபிடித்து, அதற்கு ஏற்றபடி கொஞ்சம் திருத்துவேன். தாசில்தார், கலெக்டருக்கு எது பிடிக்கும் என்று யோசித்துக் கையெழுத்துப் போடுவார். இப்படி மூன்று படி ஏறிப் போன பிறகு அதற்குப் பெயர் பொதுஜன அபிப்பிராயம்.

எங்கள் தாசில்தாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒல்லியான மனிதர், குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆபீசுக்குள் வந்ததும் தலைப்பாகையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். கையெழுத்துப் போடும்போது மட்டும் எழுந்து போய் அதை எடுத்துத் தலையில் வைத்து, கோட்டுப் பொத்தானை மேலிருந்து கீழ் வரை போட்டு, உட்கார்ந்து, மையை ஒற்றி, கையெழுத்திட்டு, மறுபடி கழற்றி மாட்டுவார். ஒரு நாளைக்கு நாற்பது காகிதம் என்றால் நாற்பது தடவை. வெறுந்தலையோடு போட்ட கையெழுத்து செல்லாது என்று சட்டத்தில் இல்லை, அவர் மனசில் இருந்தது. பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் சிவப்புப் பென்சிலை வைத்து ஒரே கேள்விதான் கேட்பார்.

"இதைப் படித்தால் யாருக்குக் கோபம் வரும்?"

"யாருக்கும் வராது சார்."

"அப்படியானால் உண்மையாகத்தான் இருக்கும்."

இனி ஆலங்கரடு. எழுமலைக்குத் தெற்கே, கரட்டுக்கும் கம்மாய்க்கும் நடுவே உள்ள ஊர். நிலம் எல்லாம் ஒரே பண்ணையாருடையது, உழைப்பு எல்லாம் மற்றவர்களுடையது. அந்தத் தேர்தலில் பண்ணையாரே நின்றார், அவருக்குப் பச்சைப் பெட்டி. எதிரே நின்ற கதர்க்காரருக்கு மஞ்சள் பெட்டி. வாயால் பெயர் சொல்கிற முறை போய், மறைப்புக்குப் பின்னால் தனியாகப் போய், பிடித்த நிறப் பெட்டியில் சீட்டைப் போடுகிற முறை வந்துவிட்டது.

அப்போது எல்லாருக்கும் ஓட்டுக் கிடையாது. வரி கட்டுகிறவன், எழுதப் படிக்கத் தெரிந்தவன், பட்டாளத்துக்காரன், பட்டாளத்தில் செத்தவனின் பெண்டாட்டி, எழுத்து மூலம் குத்தகை வைத்திருப்பவன் என்று சிலருக்குத்தான். ஆலங்கரட்டில் குத்தகை எல்லாம் வாய்ச் சொல்லாகவே நடந்துவந்தது. பண்ணையார் கணக்குப் போட்டார். ஓட்டுக்காரர் வேண்டும், அதனால் ஊர் முழுக்கக் குத்தகைச் சீட்டு எழுதிக் கொடுத்தார். தலைமுறை தலைமுறையாக அந்த ஜனங்கள் கெஞ்சியும் கிடைக்காத எழுத்து, ஒரு தேர்தலுக்காக வீடு தேடி வந்தது.

கொடுத்தவர் சும்மா விடுவாரா? ஒரு வெள்ளிக்கிழமை ஊரைக் கருப்பசாமி கோயிலில் கூட்டினார். எனக்கு வில்வண்டி வந்தது. மாடு நன்றாகத்தான் இருந்தது. கருப்பன் முன்னால் தட்டில் கற்பூரம் கொளுத்தி, ஒவ்வொருவரும், "பச்சைப் பெட்டியிலதேன் போடுவேன்" என்று சொல்லி, வலது கையால் கற்பூரத்தை அடித்து அணைக்க வேண்டும். எங்கள் சீமையில் இதற்கு மேல் சத்தியம் இல்லை. கோர்ட்டில் பொய் சொல்கிறவன்கூட இங்கே வாயைத் திறக்கமாட்டான்.

முதலில் அடித்தது பண்ணையாரின் தங்கை புருஷன். ஊரெல்லாம் அவரை "மாப்ள" என்றுதான் கூப்பிடும். மைத்துனர் வீட்டிலேயே தங்கி, அவர் ஏவின வேலையைச் செய்கிறவர். விரலில் கல்யாணத்தில் போட்ட பெரிய கல் மோதிரம். அவர் அடித்தபோது தீயில் அது பளீரென்றது. அப்புறம் வரிசையாக எல்லாரும் அடித்தார்கள். கடைசியாக இருளாயி என்று ஓர் அம்மாள். புருஷன் முதல் மகாயுத்தத்தில் பட்டாளத்துக்குப் போய், பஸ்ராவில் செத்தவர். பென்ஷனாலும் ஓட்டு உண்டு, குத்தகைச் சீட்டாலும் ஓட்டு உண்டு. அவர் அடித்த அடியில் தட்டே நசுங்கியது.

"பாத்தீராய்யா கிளார்க்கு?" என்றார் பண்ணையார். "எழுதிக்கிரும்."

எழுதிக்கொண்டேன். "ஆலங்கரடு: முழுவதும் பச்சை. ஐயத்துக்கு இடமில்லை." தாசில்தார் தலைப்பாகை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

பத்து நாள் கழித்து ஓட்டுச் சாவடிக்குப் பள்ளிக்கூடக் கொட்டகை தேறுமா என்று பார்க்க மறுபடி அந்த ஊருக்குப் போனேன். வழியில் சிவனாண்டி வேளாரின் சூளை. மண்பாண்டம் செய்வதும் கருப்பனுக்குப் பூசை வைப்பதும் அவர்தான். களத்தில் சட்டி பானைக்குப் பதிலாக வரிசை வரிசையாக மண் கைகள் காய்ந்துகொண்டிருந்தன. மணிக்கட்டு வரைக்கும் வலது கைகள், ஐந்து விரலும் விரித்து. கோயிலுக்குப் போனால் அங்கே சுவரோரம் சுட்ட கைகள் ஏற்கெனவே இருந்தன. வயிற்று வலி தீர்ந்தால் மண் வயிறு, கால் குணமானால் மண் கால் என்று சாமிக்கு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அது எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் வினை.

"என்ன வேளாரே, இம்புட்டுக் கை?"

வேளார் சக்கரத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஊருல எல்லாத்துக்கும் கையில நோவு சாமி."

"எல்லாத்துக்கும் வலது கையிலயா?"

"ஆமா சாமி. ஒரே வாக்குல வந்துருச்சு."

புத்திசாலியாக இருந்தால் அங்கேயே புரிந்திருக்கும். நானோ அரசாங்க ஊழியன். அன்றைக்கே உட்கார்ந்து, "ஆலங்கரட்டில் வலது கையை மட்டும் தாக்கும் ஒருவகைத் தொற்று பரவுவதாகத் தெரிகிறது" என்று சுகாதார இன்ஸ்பெக்டருக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஆவன செய்யும்படி கேட்டுக்கொண்டேன். தேர்தலுக்கு முதல் நாள் இன்ஸ்பெக்டர் ஒரு பெரிய ஜாடியோடு வந்து ஆவன செய்தார். ஊரையே வரிசையில் நிறுத்தி ஒவ்வொரு வலது உள்ளங்கையிலும் ஊதா மருந்தைத் தடவினார். ஒருவர் கையிலும் ஒரு கொப்புளம் இல்லை. "ஆரம்ப நிலை," என்றார் இன்ஸ்பெக்டர். அவரும் எங்கள் வர்க்கம்தான்.

இருளாயி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எதுக்குங்க சாமி?"

"கை நோவுக்கு, தாயி."

அந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். கோயில் மாட்டைப் பார்க்கிற பார்வை. உதைக்காது, உழவுக்கும் உதவாது.

மறுநாள் ஓட்டு. சாக்குப் படுதாவுக்குப் பின்னால் பச்சையும் மஞ்சளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. வாசலில் மாப்ள நின்று, வருகிறவர்களிடம் எல்லாம், "பச்சை, பச்சை, மறந்துறாதீக" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊதாக் கையில் சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள், வெளியே வந்தார்கள். ஒரு சத்தமில்லை, ஒரு சண்டையில்லை. சாயங்காலம் நான், "மிக ஒழுங்கான கிராமம்" என்று குறித்துக்கொண்டேன்.

எண்ணிக்கை தாலுகா கச்சேரியில் நடந்தது. ஊர் ஊராகப் பெட்டியைத் திறந்து நான் எண்ணித் துண்டுச் சீட்டில் எழுதித் தாசில்தாரிடம் கொடுப்பேன். பிறகு எல்லா ஊர் ஓட்டுச் சீட்டுகளையும் ஒன்றாகக் கலந்து, மொத்தத்தை மட்டும் அவர் சத்தமாகப் படிப்பார். எந்த ஊர் எப்படி என்று வெளியே சொல்லக்கூடாது. வேட்பாளர்களின் ஏஜெண்டுகள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சந்தேகம் இருந்தால் எழுந்து கிட்டே வந்து பார்க்கலாம். பச்சைக்கு ஏஜெண்டு மாப்ள.

ஆலங்கரட்டு மஞ்சள் பெட்டியை ஓரமாக நகர்த்தலாம் என்று தூக்கினேன். கனத்தது. பச்சைப் பெட்டியைத் தூக்கினேன். கை தானாக மேலே போனது, அத்தனை லேசு. நிமிர்ந்து பார்த்தால் மாப்ள என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மறு நிமிஷம் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எண்ணிக்கிட்டு இருங்க. ஊர்வலத்துக்கு மேளக்காரனைச் சொல்லி வெச்சுட்டு வாரேன்" என்று போனவர் போனவர்தான்.

பச்சைப் பெட்டியைத் திறந்தேன். அடியில் சில சீட்டுகள், விரல் விட்டு எண்ண ஒரு கை போதும். மஞ்சளைத் திறந்தேன். பொலபொலவென்று கொட்டியது. எல்லாச் சீட்டிலும் ஊதாக் கறை. வேர்வையில் கரைந்த மருந்து. வேறு ஊர்ச் சீட்டோடு எப்படிக் கலந்தாலும், ஊதா உள்ளது ஆலங்கரடு என்று குருடன்கூடச் சொல்லிவிடுவான். அந்த ஜனங்கள் ரகசியமாகப் போட்ட ஓட்டில் ஒவ்வொன்றாக முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறேன், அதுவும் அரசாங்கச் செலவில்.

தாசில்தாரைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்தார்.

"இது குறியா, கறையா?"

"கறைதான் சார்."

"உம்முடைய மருந்தா?"

"ஆமாம் சார்."

"நம் அறிக்கை என்ன சொல்கிறது?"

"முழுவதும் பச்சை சார். ஐயத்துக்கு இடமில்லை."

அவர் போய்த் தலைப்பாகையை எடுத்து வைத்துக்கொண்டு வந்தார். பொத்தானைப் போட்டார். "கறையுள்ள சீட்டை உள்ளே வைத்து, வெள்ளையை மேலேயும் கீழேயும் வைத்துக் கட்டும். நாடா போடும். அரக்கு வையும். இந்த ஊர்த் துண்டுச் சீட்டை என்னிடம் கொடும்." அப்படியே செய்தோம். மொத்தத்தைப் படித்தார். மஞ்சள் ஜெயித்தது, பண்ணையார் தோற்றார். மேளக்காரனை எந்த மாப்ளையும் சொல்லி வைத்திருக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

இரண்டாம் நாள் பண்ணையார் கச்சேரிக்கு வந்தார். உட்காரவில்லை.

"எனக்குத் தெரியணும். எவன் என் சோத்தைத் தின்னுட்டு எவன் பொட்டியில போட்டான்னு தெரியணும். சித்திரையில குத்தகைச் சீட்டைப் புதுப்பிக்கணும். ஆலங்கரட்டான் ஒருத்தன் மாறியிருந்தாலும் சரி, அம்புட்டுச் சீட்டையும் கிழிச்சு அடுப்புல போட்டுட்டு வெளியூரு ஆளை இறக்குவேன்."

தாசில்தார் சிவப்புப் பென்சிலைக் கீழே வைத்தார். "எங்கள் அறிக்கைப்படி ஆலங்கரடு முழுவதும் உங்களுக்கே."

"அறிக்கை கெடக்கு. பொட்டியில என்ன இருந்துச்சு?"

"அறிக்கையில் என் கையெழுத்து இருக்கிறது. பெட்டியில் என் கையெழுத்து இல்லை."

"அறிக்கையை எழுதுனது யாரு?"

பென்சில் என் பக்கம் திரும்பியது. இத்தனை வருஷம் என் வேலைக்கெல்லாம் தன் பெயரைப் போட்டுக்கொண்ட மனிதர், அன்றைக்கு முதல் தடவையாக எனக்கு உரிய மரியாதையைக் கொடுத்தார்.

"நல்லது," என்றார் பண்ணையார். "பொட்டியைத் தொறந்து எண்ணுனதும் இவருதானே? வர்ற வெள்ளிக்கெழமை கருப்பன் கோயிலுக்கு வரட்டும். கற்பூரத்தை அடிச்சுச் சொல்லட்டும். நம்புறேன்."

இந்தத் தடவை வில்வண்டி வரவில்லை. எழுமலையிலிருந்து நடந்தேன். நேர்மையாகச் சொன்னால், என் கவலை ஊரைப் பற்றியது அல்ல. உண்மையைச் சொன்னால் என் பட்டியல் பொய்யாகும், தாசில்தார் பொய்யராவார், எனக்குத் தண்ணியில்லாக் காடு ஒன்று ஒதுக்கப்படும். பொய்யைச் சொன்னால் கருப்பன் இருக்கிறான். எனக்கு மேலதிகாரிகள் இரண்டு பேர், இரண்டு பேருமே முறைக்கிறவர்கள்.

கம்மாய்க் கரையில் இருளாயி நின்றுகொண்டிருந்தார். உள்ளங்கையில் ஊதா இன்னும் போகவில்லை.

"வாங்க சாமி. இங்ஙன நில்லுங்க. என்னா சொல்லப் போறீக?"

"நீ என்ன தாயி பண்ணுன? கற்பூரம் அடிச்சியே, தட்டு நசுங்க அடிச்சியே?"

"அடிச்சேன். அடிக்க வெச்சாக, அடிச்சேன். அதுக்கு வழி இல்லாமலா இருக்கு? எங்க ஊருல யாராச்சும் வம்படியா சத்தியம் வாங்கிப்புட்டா, அடிச்ச கையைக் கருப்பன்கிட்டயே குடுத்துருவோம். வேளாருகிட்டச் சொல்லி மண்ணுல ஒரு கை செஞ்சு வெச்சுட்டா, சத்தியம் பண்ணுன கை அவன்கிட்ட இருக்கு. மத்தது நம்ம கை. நம்ம இஷ்டத்துக்குப் போடலாம்."

கை நோவு! வலது கையை மட்டும் தாக்கும் தொற்று! ஊரே கூடி எடுத்த முடிவு சூளைக் களத்தில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. ஒன்று ஒன்றாகப் பார்த்துவிட்டு நான் மருந்துக்கு எழுதியிருக்கிறேன். சாய்வுப் பட்டியல் அங்கே தரையில் எழுதியிருந்தது. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

"அப்ப எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே, தாயி."

"ஒங்ககிட்டயா? நீங்க அவுக வண்டியிலதானே வந்தீக?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

இருளாயி வயல் பக்கம் கையைக் காட்டினார். "பச்சையில அறுத்தா என்னா சாமி கெடைக்கும்? மஞ்சளாப் பழுக்கணும். அதுக்கு நாங்க இன்னும் கொஞ்ச நா அந்த மண்ணுல நிக்கணும். எம்புருசன் பஸ்ராவுல எங்க கெடக்கான்னு தெரியாது. எனக்கு இருக்குறது அந்தக் குத்தகைச் சீட்டுல எம்பேரு எழுதியிருக்கே, அது ஒண்ணுதேன். ஒங்க வாயிலதேன் அது இருக்கு. பாத்துச் சொல்லுங்க."

கோயிலில் பண்ணையார் நின்றார். பக்கத்தில் மாப்ள, முகத்தில் ஈயாடவில்லை. வேளார் கற்பூரம் கொளுத்தினார். சுவரோரம் அத்தனை மண் கைகளும் விரலை விரித்துக்கொண்டு நின்றன. பண்ணையாருக்கு அவை கண்ணில் படவே இல்லை. அவர் அந்தக் கோயிலுக்கு ஜனங்களைக் கூட்டி வருவாரே தவிர, அங்கே எதையும் பார்த்தவர் அல்ல. அந்த விஷயத்தில் நானும் அவரும் ஒரே ஜாதி.

"ஆலங்கரடு முழுவதும் பச்சை" என்றேன். கையை ஓங்கி அடித்தேன். சுட்டது. பக்கத்தில் யாரோ நீளமாக மூச்சு விட்டது கேட்டது. மாப்ளதான்.

பண்ணையார் மீசையைத் தடவினார். "அப்ப எழுமலைக் கடைக்காரப் பயலுகதேன். நெனச்சேன்." அன்றிலிருந்து எழுமலைக் கடையில் வேட்டி எடுப்பதை நிறுத்திவிட்டார். கடைக்காரர்களுக்கு அந்தத் தண்டனை கிடைத்த விஷயம் கடைசி வரைக்கும் தெரியாது. சித்திரையில் ஆலங்கரட்டுக் குத்தகைச் சீட்டு எல்லாம் புதுப்பித்தாயிற்று. விசுவாசமான ஊர் என்று மெச்சி, கோயில் வாசலில் ஒரு பந்தலும் போட்டுக் கொடுத்தார். நானும் ஆபீசில் சிவப்பு நாடாவை இறுக்கிக் கட்டி, பட்டியலை ரிக்கார்டு ரூமுக்கு அனுப்பினேன். அங்கிருந்துதான் அது பட்டணத்து ஆராய்ச்சியாளருக்குப் போயிருக்கிறது. என்னைப் பார்க்க வந்த குமாஸ்தாக்களே, இதுதான் என் முறை. எடுத்துக்கொண்டு போங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. சத்தியம் செய்துவிட்டு நேரே எழுமலைக்குத் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வேளாரின் சூளைக்குப் போனேன். நான் போவதற்குள் அவர் கோயிலிலிருந்து வந்து சக்கரத்தில் உட்கார்ந்துவிட்டார். ஓரத்துப் பலகையில், மற்றக் கைகள் எல்லாம் கோயிலுக்குப் போன பிறகும், ஒரே ஒரு கை தனியாகக் காய்ந்துகொண்டிருந்தது. விரலில் மண்ணாலேயே ஒரு பெரிய கல் மோதிரம்.

"இது..."

"மாப்ளைக்குத்தேன்," என்றார் வேளார். "முந்தியே ஒண்ணு வெச்சாச்சு. ஆனா மோதிரம் இல்லாம வெச்சுட்டோமே, கருப்பனுக்கு அடையாளம் தெரியாமப் போயிருமோன்னு பயப்படுறாரு. புதுசாக் கேட்டாரு. ஒங்களுக்கு என்னா சாமி? கையில நோவா?"

"ஆமாம் வேளாரே."

"எந்தக் கை?"

"எழுதுற கை." சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தேன். செய்வதைத் திருந்தச் செய்யலாமே என்று பட்டது. "ரெண்டாச் செஞ்சிருங்க. ஒண்ணு இன்னைக்கு அடிச்ச சத்தியத்துக்கு. இன்னொண்ணு நான் இத்தனை வருஷமா எழுதுன ரிப்போர்ட்டுக்கு."

வேளார் சக்கரத்தை நிறுத்தினார். பக்கத்தில் குவித்திருந்த மண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சத்தியத்துக்குச் செஞ்சு தாரேன் சாமி. ரிப்போர்ட்டுக்குன்னா, அம்புட்டுக் கைக்கும் நம்ம கம்மாயில மண்ணு பத்தாதே."